ராஜாவை நம்பும் வேலை

படகுக்காரர்களிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு என் அண்ணி பாலத்தை விழவைத்தாள் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னால் நான் வாயை மூடிக்கொண்டு தண்ணீர் பிடிக்க வேண்டுமா? அது என்னால் ஆகாது. குடத்தைக் குழாயடியிலேயே வைத்துவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"நீ பாத்தியா? உன் ரெண்டு கண்ணால பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்? ஊரே சொல்லுது."

"ஊருக்கெல்லாம் சேத்து ஒரே வாயா? அதுவும் உன் வாயா?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. ராஜாவோட முடி கொட்டினதுகூட அவளாலதானாமே?"

"பெரியவங்களை அவ இவன்னு பேசாதே."

"சரி, அவங்களாலதானாமே?"

"அதை விடு. நீ தினம் அக்கரைக்கு எது மேல நடந்து போற?"

"பாலத்து மேல."

"எந்தப் பாலம்?"

"கல்லுப் பாலம். வேற எது இருக்கு?"

"அது எப்படி வந்துச்சுன்னு தெரியுமா?"

அவள் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெரியாதுல்ல? அப்ப தண்ணியப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போ."

போய்விட்டாள். குடம் போனதே தவிர வாய் போகவில்லை. தெருமுனை வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனாள். அதனால்தான் முதலிலிருந்து சொல்கிறேன். நான் சொல்வது பொய்யாக இருக்காது. என்ன ஆதாரம் என்று கேட்டால், அண்ணி எனக்கு நாத்தனார். நாத்தனாருக்காக ஒருத்தி தெருவில் நின்று சண்டை போடுகிறாள் என்றால் அதைவிடப் பெரிய சத்தியம் வேறு என்ன இருக்கிறது?

அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தது அவர்தான். என் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. ஒரு மிஷின், ஒரு வெட்டு மேசை, ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். தம்பி அளவெடுத்து வெட்டித் தைப்பார். காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் அண்ணி. ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து, துணியை மடியில் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி தைப்பார். அந்த முக்காலியில் உட்கார்ந்தால்தான் அவருக்குக் கால் தரையில் படும்.

தெருவில் அவருக்கு 'அப்படியாக்கா' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் கையில் இருக்கும் வேலையை நிறுத்தி, கண்ணை அகல விரித்து, "அப்படியா!" என்பார். சும்மா ஒப்புக்கு இல்லை. மனதார. தொப்பை வைத்த ஒருவர் வந்து, "அடுத்த மாசம் இளைச்சிடுவேன், அந்த அளவுக்கே தைங்க" என்றால் நாம் என்ன செய்வோம்? சிரிப்பை அடக்கிக்கொண்டு தையலில் கொஞ்சம் துணி விட்டுவைப்போம். அண்ணி "அப்படியா!" என்பார். அந்த மனிதர் நிஜமாகவே இளைத்து வந்தார். அண்ணி முகத்தைப் பார்த்துவிட்டுப் போன பிறகு எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார். நான் புதுப்பெண்ணாக வந்தபோது, "எனக்குச் சமைக்கத் தெரியும்" என்றேன். "அப்படியா!" என்றார். இரண்டு கவளம் போட்டதும் என் வீட்டுக்காரர் எழுந்து கடைக்குப் போய்விட்டார். அண்ணி தட்டு காலியாகும் வரை சாப்பிட்டார். எனக்குச் சமைக்கத் தெரியும். அன்றைக்கும் தெரியும். அடுப்புதான் சரியில்லை.

இதைத்தான் ஊர் ஏமாளித்தனம் என்கிறது. ஏமாளி ஒரு பொத்தானை வைத்துவிட்டு இழுத்துப் பார்ப்பாளா? அண்ணி ஒவ்வொரு பொத்தானையும் வைத்து முடித்ததும் இரண்டு விரலால் பிடித்து ஒரு சுண்டு சுண்டி இழுப்பார். ஒன்றைக்கூட விட்டதில்லை. "ஏன் அண்ணி, உங்க கை வேலையையே நம்ப மாட்டீங்களா?" என்று நான் கேட்டதற்கு, "மனுஷன் பேச்சை நம்பலாம். நூலை நம்பக் கூடாது" என்றார்.

இனி ராஜா கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் மந்திரம் பெரிய அதிசயம் இல்லை. எண்ணெய் தீர்ந்த விளக்கை இரண்டு சொல் சொல்லி எரிய வைக்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஆனால் மந்திரம் சாயம் மாதிரி. துணி வாங்கிக்கொண்டால்தான் பிடிக்கும். மந்திரம் சொல்கிறவர் பக்கத்தில், அவர் சொல்வது நடக்கும் என்று ஒருவராவது மனதார நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை இருக்கிற வரைக்கும்தான் மந்திரமும் நிற்கும். நம்பிக்கை போனால் எல்லாம் வெளுத்துவிடும். பாதி நம்பிக்கைக்குப் பாதி மந்திரம், அதுவும் கோணலாக.

ராஜாவுக்குக் கிடைத்ததெல்லாம் அந்தக் கோணல் பாதிதான். அரண்மனை எலிகளைப் போகச் சொன்னார்; பூனைகள் போயின. மழையை வரச் சொன்னார். வந்தது, சபை மண்டபத்துக்குள் மட்டும். முட்டியளவு தண்ணீரில் நின்றுகொண்டு மந்திரிகள் "ஆகா" என்றார்களாம். நிர்வாகம் அதைவிட மோசம். எந்தக் கேள்விக்கும் அவர் பதில், "அது இருக்கட்டும், இந்த உடுப்பு எனக்கு எடுப்பா இருக்கா?" என்பதுதான். ஆனால் கெட்ட மனிதர் இல்லை. யாரையும் அடித்ததில்லை, வைததில்லை. தன் முகத்தைப் பார்த்து முடிப்பதற்குள் பொழுது போய்விடும். அடுத்தவரை வைய நேரம் ஏது?

ஒருநாள் அவர் வண்டி எங்கள் கடை வாசலில் நின்றது. எங்களைப் பார்க்க இல்லை, எங்கள் கண்ணாடியைப் பார்க்க. வண்டியில் இருந்தபடியே முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தெரு கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இந்த விளக்குக் கம்பத்துல இப்பவே ரோஜா பூக்க வைக்கிறேன், பாருங்க!"

தெரு முழுக்க இருமல் வந்தது. சிரிப்பை வேறு எப்படி அடக்குவது? பலசரக்குக் கடைக்காரர் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். அண்ணி மட்டும் பல்லில் நூலைக் கடித்தபடி நிமிர்ந்தார்.

"அப்படியா!"

கம்பம் அடியிலிருந்து நுனிவரை பூத்தது. இலைகூட விட்டது. ராஜாவே பயந்துபோய் வண்டிக்குள் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் தலைமை மந்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணிக்கு அரண்மனையில் உத்தியோகம். தினமும் வந்து ராஜாவை நம்ப வேண்டும்.

"நம்புறதுக்கெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்படித்தானே தம்பி சொல்றாங்க" என்று அண்ணி தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அரண்மனை நாற்காலிகளில் கால் எட்டாது என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

வேலை இதுதான். காலையில் ராஜா குளித்துவிட்டுக் கண்ணாடி அறைக்கு வருவார். தலை, தேய்த்துக் கவிழ்த்த செம்பு மாதிரி இருக்கும். ஆளும் குள்ளம். "எனக்குக் கருகருன்னு சுருட்டை முடி" என்பார். அண்ணி "அப்படியா!" என்பார். முடி வந்துவிடும். "இன்னும் நாலு விரக்கடை உயரம்." "அப்படியா!" உயரம் வரும். "தாடையில ஒரு குழி." அதுவும் வரும். பிறகு படிக்கட்டைத் தங்கமாக்குவார், வாசல் கதவைத் திறக்கச் சொல்வார், நாள் ஆரம்பமாகும். "எப்படி இருக்கேன்?" என்று கேட்பார். "நல்லா இருக்கீங்க ராஜா. முன்னாடியும் நல்லாத்தான் இருந்தீங்க" என்பார் அண்ணி. முதல் பாதியைக் கேட்டதுமே ராஜா கண்ணாடிப் பக்கம் திரும்பிவிடுவார்.

கஷ்டம் எங்களுக்குத்தான். அண்ணி சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் அங்கே முடி நிற்க வேண்டும் அல்லவா? அதனால் எங்கள் வீட்டில் ராஜாவைக் கேலி செய்யக் கூடாது. ஊரில் எல்லா வீட்டிலும் சாப்பாட்டுக்குத் தொடுகறியே அந்தக் கேலிதான்; எங்கள் வீட்டில் மட்டும் வாய்க்குப் பூட்டு. என் வீட்டுக்காரருக்கு ஒருநாள் நாக்கு பொறுக்கவில்லை. சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார்: "ஏன்க்கா, அந்த மொழுக்குத் தலையில கிரீடம் வழுக்காம எப்படி நிக்குது? பொத்தான் வெச்சுத் தெச்சு விட்டியா?"

அண்ணிக்குப் புரையேறிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அரண்மனையில் அதே நேரத்தில் பக்கத்து நாட்டு விருந்தாளிகள் முன்னால் ராஜாவின் முடி மொத்தமும் சூப்பில் விழுந்தது.

மறுநாள் ராஜா கேட்டார்: "நேத்து சாயங்காலம் உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?" அண்ணிக்குப் பொய் வராது. ஒரு எழுத்து விடாமல் சொல்லிவிட்டார். மந்திரி என் வீட்டுக்காரரைப் பிடித்துவரக் காவலாளியைக் கூப்பிட்டார். ராஜா கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பொத்தான்… நல்லாத்தான் சொல்லியிருக்கான். விருந்து இல்லாத நாளாப் பாத்துச் சொல்லச் சொல்லு அக்கா" என்றாராம். அன்றிலிருந்துதான் அவரும் 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

குறை சொல்ல முடியாத காலம் அது. மத்தியானத்தில் வேலை இல்லாதபோது அண்ணி காவலாளிகளின் சட்டைக்கெல்லாம் பொத்தான் வைத்துக் கொடுப்பார். சமையல்காரர் வந்து தன் கனவைச் சொல்வார். திக்கித் திக்கிப் பேசும் ஒரு காவலாளி, "எ… எனக்குப் பாட வரும்" என்றான். "அப்படியா!" என்றதும் பாடினான். தினமும் பாடினான். நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பிறகுதான் பாலம் வந்தது.

ஊருக்கு நடுவில் ஆறு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் படகில்தான் போக வேண்டும். தன் பிறந்தநாளுக்கு ஊர் பேசும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை. ஒருநாள் காலை கரையில் நின்று, "இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தங்கத்துல பாலம்!" என்றார். அண்ணி "அப்படியா!" என்றார். வந்துவிட்டது. வில் மாதிரி வளைந்து, கண் கூசுகிற பாலம். கைப்பிடித் தூண் ஒவ்வொன்றின் உச்சியிலும் ராஜாவின் தலை, சுருட்டை முடியும் தாடைக் குழியுமாக. மறுநாள் திறப்பு. அதுவரை யாரும் காலை வைக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள்தான் முதலில் நடப்பார்கள். முன்வரிசையில் என் பிள்ளைகள் இருவரும்.

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்து துணியை மடித்து மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

"எங்க அண்ணி?"

"நாளையிலேர்ந்து அரண்மனையிலேயே இருக்கணுமாம். மெத்தை போட்ட அறையாம், ஜன்னல் கிடையாதாம். யாரும் வந்து பேசக் கூடாதாம். நான் சிரிச்சிட்டா பாலம் ஆடும்னு மந்திரி சொன்னாரு."

என் வீட்டுக்காரர் கத்தரியை மேசையில் ஓங்கி வைத்தார். "எவ்வளவு காலத்துக்கு?"

"பாலம் இருக்கிற வரைக்கும்."

"பாலம் எவ்வளவு காலம் இருக்கும்?"

"நான் இருக்கிற வரைக்கும்."

"அப்புறம் அது மேல நடக்கிறவங்க?"

அண்ணி மூட்டையை ஒதுக்கிவிட்டு ஊசியை எடுத்தார். மடியில் என் மகளின் சட்டை இருந்தது. திறப்பு விழாவுக்குப் போட்டுக்கொள்ளப் புதுப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். முடித்ததும் வழக்கம்போல இரண்டு விரலால் சுண்டி இழுத்தார். பொத்தான் கையோடு வந்துவிட்டது.

"புது நூல்மா" என்றார் என்னைப் பார்த்து. "புது நூலும் அறுந்துடுது."

கொஞ்ச நேரம் அந்தப் பொத்தானையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாலத்துக்கு நூல் நான்தானே?"

"ஆமாம் அண்ணி."

"தூங்குவேன், தும்முவேன், ஒருநாள் செத்தும் போவேன்."

"அப்ப நம்பாம இருந்துடுங்க. இப்பவே விழுந்து தொலையட்டும்."

"அதுதான் முடியலையேம்மா. சொல்லும்போது அவரு முகத்தை நீ பாத்ததில்ல. சந்தேகம்னு ஒரு பொட்டுகூட இருக்காது. ஒருத்தரு தன்னை அவ்வளவு நம்பும்போது, நான் மட்டும் மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

அந்தப் பொத்தானை மறுபடியும் வைத்தார். இழுத்துப் பார்த்தார். நின்றது.

மறுநாள் கரையெல்லாம் கூட்டம். மந்திரி கையில் கொடி. கொடி இறங்கினால் பிள்ளைகள் நடக்க வேண்டும். ராஜா பக்கத்தில் முக்காலி, முக்காலியில் அண்ணி. நான் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு பேரின் சட்டைக் காலரையும் கெட்டியாகப் பிடித்திருந்தேன். யார் சொன்னாலும் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

கொடி இறங்கப் போகும்போது அண்ணி எழுந்தார்.

"ராஜா, பொத்தான் வெச்சா வெச்ச கைதான் முதல்ல இழுத்துப் பாக்கணும். நீங்க கட்டின பாலம். நீங்கதானே முதல்ல நடக்கணும்?"

"மகாராஜாவை யாருன்னு நெனச்சே? உக்காரு!" என்று மந்திரி பல்லைக் கடித்தார்.

"அதுக்கென்ன, நடந்தாப் போச்சு" என்றார் ராஜா. நன்றாகத்தான் சொன்னார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, பளபளக்கும் செருப்புக் காலைத் தூக்கினார். கால் பாலத்துக்கு மேலே, காற்றிலேயே நின்றது. கீழே ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. ராஜா அதைப் பார்த்தார். காலை மெதுவாக மண்ணிலேயே வைத்தார்.

"பிள்ளைங்க போகட்டும்… நான் பின்னால வரேன்."

அண்ணி கண்ணை விரித்தபடி ராஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாகச் சொல்வதற்கு வாயும் திறந்தது. சொல் வரவில்லை.

முதலில் தாடைக் குழி தூர்ந்தது. பிறகு முடி, கொத்துக் கொத்தாகக் காற்றில் பறந்து ஆற்றில் விழுந்தது. ராஜா நாலு விரல்கடை இறங்கினார். கிரீடம் மூக்குவரை வந்தது. அதற்கப்புறம் பாலம். இடிந்து விழவில்லை, வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி, சத்தமே இல்லாமல் உருகி ஆற்றோடு போனது. ஒரு பிள்ளையின் உள்ளங்கால்கூட நனையவில்லை. எங்கள் தெரு விளக்குக் கம்பத்தின் ரோஜாவும் அதே நேரத்தில்தான் உதிர்ந்ததாம். பாலம் விழுந்தது, ராஜா முடி கொட்டியது, எல்லாம் உண்மை. எதிர்வீட்டுக்காரி அதில் பொய் சொல்லவில்லை. பாலம் காலியாக இருக்கும்போதே விழுந்தது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறாள்.

"துரோகி! பிடிங்க அவளை!" என்று மந்திரி கத்தினார். காவலாளிகள் குனிந்து தங்கள் சட்டைப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவனும் நகரவில்லை. "விடுங்க" என்று கிரீடத்துக்குள்ளிருந்து ராஜாவின் குரல் வந்தது.

அண்ணி தன் ஊசிப் பெட்டியை எடுக்கப் பின்கட்டு வழியாக அரண்மனைக்குப் போனார். முக்காலியை ஒரு கையில் எடுத்துக்கொண்டார். பிள்ளைகளை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நானும் கூடவே போனேன். தனியாக விட எனக்கு என்ன பைத்தியமா? தங்கப் படிக்கட்டு பழைய செங்கல் படிக்கட்டாகக் கிடந்தது. பெட்டியோடு நாங்கள் இறங்கி வரும்போது, கடைசிப் படியில் ராஜா கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மந்திரி பக்கத்தில் நின்றார்.

"கோவமா அக்கா?"

"இல்ல ராஜா. உங்களுக்கே நம்பிக்கை வரல. எனக்கு மட்டும் எங்கேர்ந்து வரும்?"

"இனிமே நான் எப்படி வெளிய போவேன்? இப்படியேவா?"

"முன்னாடியும் நல்லாத்தான் இருந்தீங்கன்னு தினம் சொன்னேனே."

ராஜா நிமிர்ந்தார். "சொன்னியா?"

"தினம். நீங்கதான் கண்ணாடியப் பாத்துட்டிருப்பீங்க."

அவர் கையால் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அதற்குள் மந்திரி, "போதும், பின்கட்டு வழியா வெளிய போ" என்றார்.

"வாசக்கதவு வழியா போகட்டும்" என்றார் ராஜா.

வாசல் கதவு என்றால் யானை நுழைகிற கதவு. தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது. காலையில் மந்திரத்தில் திறந்தது, மந்திரம் போனதும் தானாகவே மூடிக்கொண்டிருந்தது. ஏணி கொண்டுவர மந்திரி ஆளைக் கூப்பிட்டார்.

"வேண்டாம். நான் திறக்கிறேன்" என்று ராஜா எழுந்தார். பழக்கதோஷம், ஓரக்கண்ணால் அண்ணியைப் பார்த்தார்.

"அப்படியா!" என்றார் அண்ணி. பழைய மாதிரி கண் விரியவில்லை.

தாழ்ப்பாள் அசையவில்லை. அண்ணி முக்காலியைக் கதவடியில் வைத்தார். ராஜா அதில் ஏறினார். எட்டிப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கிரீடத்தை என்னிடம் நீட்டினார். பித்தளைச் சொம்பை வாங்குவது மாதிரி வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். இரண்டு கையாலும் தொங்கி, பல்லைக் கடித்து இழுத்தார். கிறீச்சென்று ஒரு சத்தம். திறந்துகொண்டது.

அவர் முக்காலி மேலேயே நின்று, துரு அப்பிய உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக்கூட அவ்வளவு ஆசையாக அவர் பார்த்து நான் கண்டதில்லை.

"பாத்தியா அக்கா?"

"பாத்தேன் ராஜா."

"கல்லுல பாலம் கட்டணும்னா யாரைக் கேக்கணும்?"

"கொத்தனாரைக் கேக்கணும்."

"கேக்கிறேன். கட்டி முடிச்சதும் நான்தான் முதல்ல நடப்பேன்."

அண்ணி நின்றார். ராஜாவின் முகத்தை, அந்த மொட்டைத் தலையோடு, நன்றாகப் பார்த்தார். கண் அகலமாக விரிந்தது.

"அப்படியா!"

கிரீடத்தைப் படியில் வைத்துவிட்டு நான் அண்ணி பின்னாலேயே போனேன். வாசலைத் தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது.

"அண்ணி, முக்காலியை விட்டுட்டீங்களே!"

"இருக்கட்டும்மா. தாழ்ப்பாள் உயரமா இருக்கு" என்றுவிட்டு, ஊசிப் பெட்டியை இடுக்கிக்கொண்டு வெயிலில் இறங்கினார்.